ஒரு வரியில் ஓர் அலமாரி
கோப்பு கொண்டுவரும் விதியை எழுதிய ஜான் போஸ்டல் வாழ்க்கை

கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்து இருக்கிறார். திரையில் படம் எதுவும் இல்லை. கறுப்புத் திரை. அதில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னிக்கொண்டு இருக்கிறது.

அவர் ஒரே ஒரு வரியைத் தட்டுகிறார். இதற்குக் கட்டளை வரி என்று பெயர். தட்டியதும், கடல் கடந்து எங்கோ இருக்கும் மற்றொரு கம்ப்யூட்டரில் இருந்து கோப்புகள் வரத் தொடங்குகின்றன. ஒன்று இரண்டு அல்ல, ஆயிரம் கோப்புகள்! ஒரு கோப்புறை முழுவதும், அதற்குள் இருக்கும் சின்னக் கோப்புறைகளும், வைத்த வரிசை மாறாமல் வந்து சேருகின்றன.

புத்தக அலமாரி ஒன்றை, அடுக்குக் கலையாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவது போன்ற காரியம் இது.

அந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் இதற்கு முன் ஒன்றோடு ஒன்று பேசியதே இல்லை. அப்படி இருக்க, எது முதலில் பேசுவது? கோப்பு முழுவதும் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்ட கோப்பு இல்லை என்றால் எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் விதி வேண்டும். அந்த விதி எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

அந்த விதியைச் சீர்செய்து, உலகம் முழுவதும் நிலைக்கும்படி எழுதிக் கொடுத்தவர் ஜான் போஸ்டல். இன்டர்நெட்டின் எண் கணக்கும் பெயர்க் கணக்கும் பல ஆண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. அந்தக் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு பெரிய வழக்காடலே நடந்தது. அதன் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

பிறப்பும் படிப்பும்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், அல்டடீனா என்ற ஊரில் 1943-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஜான் போஸ்டல் பிறந்தார்.

வான் நைஸ் என்ற இடத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இன்டர்நெட் வரலாற்றில் பெயர் பெற்ற விண்ட் சர்பும், ஸ்டீவ் கிராக்கரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான். ஒரே பள்ளியில் படித்த மூன்று பேர், பிறகு ஒரே வேலையில் வந்து சேர்ந்தார்கள்!

போஸ்டல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966-ல் பொறியியல் பட்டம் பெற்றார். 1968-ல் மேல்பட்டம் பெற்றார். 1974-ல் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டு இருந்தபோதுதான், அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட சம்பவம் நடந்தது.

நாலு ஊர், நாலு யந்திரம்

அமெரிக்க ராணுவ இலாகாவில் "ஆர்ப்பா" என்று ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. பல ஊர்களில் இருந்த கம்ப்யூட்டர்களைக் கம்பி மூலம் இணைக்க அது பணம் கொடுத்தது.

1969-ம் ஆண்டு முதல் இணைப்பு நடந்தது. அக்டோபர் 29-ந் தேதி, போஸ்டல் படித்த பல்கலைக்கழகத்தில் இருந்து, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போயிற்று. இரண்டே இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. அதற்குள் எதிர்ப்பக்கத்து யந்திரம் நின்றுவிட்டது! பிறகு அதைச் சரிசெய்து, மறுபடி அனுப்பினார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நாலு இடங்கள் இணைந்தன. நாலு இடத்திலும் நாலு விதமான கம்ப்யூட்டர்கள். ஒன்று ஒரு சொல்லுக்கு 36 பிட் என்று கணக்கு வைத்து இருந்தது. மற்றொன்று 32 பிட் என்று வைத்து இருந்தது. எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறைகூட ஒன்றுக்கு ஒன்று வேறு.

பழைய நாளில் ஊருக்கு ஊர் படி அளவு மாறும். ஓர் ஊரில் அளந்த நெல், அடுத்த ஊரில் அளந்தால் கூடும் அல்லது குறையும். அதே சங்கடம்தான் இங்கேயும். ஒரு கோப்பை அப்படியே அனுப்பினால், எதிர்ப்பக்கத்தில் அது புரியாத குப்பையாகப் போய்ச் சேரலாம்.

எல்லாருக்கும் பொதுவான அளவு ஒன்று தேவைப்பட்டது.

கருத்துக் கேட்கும் குறிப்புகள்

அந்தப் பொது அளவை யார் முடிவு செய்வது? வேலையில் இறங்கியவர்களில் பலர் மாணவர்கள். கட்டளை போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

ஸ்டீவ் கிராக்கர் ஒரு வழி கண்டார். தோன்றிய யோசனையைக் குறிப்பாக எழுதுவது. எல்லாருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்பது. முதல் குறிப்பு 1969-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி வெளிவந்தது. ஆங்கிலத்தில் இவற்றைச் சுருக்கமாக ஆர்.எப்.சி. என்பார்கள்.

குறிப்புகள் பெருகின. ஒன்றுக்கு ஒன்று முரண்படாமல் பார்க்க ஒருவர் வேண்டும். எண் கொடுக்க ஒருவர் வேண்டும். பிழை திருத்த ஒருவர் வேண்டும்.

போஸ்டல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். சாகும் வரை அதை விடவில்லை!

1972-ம் ஆண்டு மே மாதத்தில் மற்றொரு பொறுப்பும் வந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குள் பல சேவைகள் இருக்கும். எந்தச் சேவைக்கு எந்த வாசல் என்று எண் போட வேண்டும். ஆளுக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் குழப்பம் வரும். எண் கொடுக்க ஒரே ஆள் இருக்க வேண்டும் என்று போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார். அந்த ஆள் தானாகவே இருக்கலாமா என்றும் அதிலேயே கேட்டு இருந்தார்.

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்று முதல் எண் கணக்கு அவர் பொறுப்பு ஆயிற்று.

முதல் விதி எழுதியவர் இந்தியர்

கோப்பு அனுப்பும் முதல் விதியை எழுதியவர் போஸ்டல் அல்ல. அவர் ஓர் இந்தியர்! பெயர் அபய் பூஷண்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதல் அணியில் படித்து, 1965-ல் பட்டம் பெற்றவர் அவர். பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்தார். 1971-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, கோப்பு அனுப்பும் விதியைக் குறிப்பாக வெளியிட்டார். ஆர்.எப்.சி. வரிசையில் அது 114-வது. அந்த விதிக்கு எப்.டி.பி. என்று பெயர்.

முதலில் கடிதங்களும் இந்த வண்டியில்தான் ஏறிப் போயின. மின்னஞ்சலுக்குத் தனி விதி அப்போது இல்லை. கோப்பு விதியிலேயே கடிதத்துக்கும் இடம் கொடுத்து இருந்தார்கள். 1982-ல் போஸ்டல் மின்னஞ்சலுக்கு என்று தனி விதி எழுதினார்.

பூஷண் போட்ட பாதையில் பலர் திருத்தம் செய்தார்கள். இதற்கு இடையே இன்டர்நெட்டின் அடிப்படை விதிகளே மாறின. புது விதிகளைப் பதிப்பித்தவர் போஸ்டல். 1981-ம் ஆண்டு செப்டம்பரில் அவை வெளிவந்தன. பழைய முறையில் இருந்து புது முறைக்கு எப்படி மாறுவது என்ற திட்டத்தையும் அவரே எழுதினார். 1983-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அந்த மாற்றம் நடந்தது.

கோப்பு விதியும் புது முறைக்கு ஏற்ப மாற வேண்டும் அல்லவா? 1980-ல் போஸ்டல் அதை ஒருமுறை திருத்தி எழுதினார். 1985-ம் ஆண்டு அக்டோபரில், தம்முடன் வேலை பார்த்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற பெண்மணியோடு சேர்ந்து மறுபடி எழுதினார். இது 959-வது குறிப்பு. கோப்பு விதி என்றால் இன்று வரை அடிப்படை இந்தக் குறிப்புதான்.

இரண்டு வாசல்கள்

இந்த விதி எப்படி வேலை செய்கிறது?

கோப்பு வைத்து இருக்கும் கம்ப்யூட்டரில் 21 என்ற எண் வாசல் திறந்து இருக்கும். கேட்பவர் அந்த வாசலில் போய் நின்று பேச வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும். எந்தக் கோப்புறைக்குள் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

பேச்சு மட்டும்தான் அந்த வாசலில். கோப்பு வருவதற்கு வேறு வழி. அதற்கு 20 என்ற எண்ணை ஒதுக்கினார்கள். கடையில் கல்லா ஓரிடம், சரக்கு எடுக்கும் இடம் வேறோரிடம் என்று இருப்பது போல!

ஒவ்வொரு பேச்சுக்கும் எதிர்க் கம்ப்யூட்டர் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 220 என்றால், வரவேற்கத் தயார் என்று அர்த்தம். 331 என்றால், பெயர் சரி, கடவுச்சொல் வேண்டும். 230 என்றால், உள்ளே வரலாம். 226 என்றால், கோப்பு முழுவதும் அனுப்பியாயிற்று. 550 என்றால், கேட்டது கிடைக்காது.

முதல் இலக்கத்தைப் பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும். 2-ல் தொடங்கினால் காரியம் முடிந்தது. 4-ல் தொடங்கினால் இப்போது முடியவில்லை, மறுபடி முயலலாம். 5-ல் தொடங்கினால் அப்படியே மறுபடி கேட்டுப் பயன் இல்லை.

எண்ணோடு மனிதர் படிக்கும்படி ஒரு வாக்கியமும் வரும். யந்திரம் எண்ணைப் பார்த்துக்கொள்ளும். மனிதர் வாக்கியத்தைப் படித்துக்கொள்வார்.

படி அளவு மாறும் சங்கடத்துக்கும் வழி செய்து இருந்தார்கள். எழுத்துக் கோப்பு என்று சொன்னால், பொது எழுத்து முறைக்கு மாற்றி அனுப்பும். படம் போன்ற கோப்பு என்றால், ஒரு புள்ளியும் மாறாமல் அப்படியே அனுப்பச் சொல்லலாம். இதைச் சொல்ல மறந்துவிட்டுப் படக் கோப்பை எழுத்துக் கோப்பாக வாங்கியவர்கள், கடைசியில் திறக்கவே முடியாத கோப்பை வைத்துக்கொண்டு விழித்தது உண்டு!

பட்டியல் என்ற சாவி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

இந்த விதியில், ஒரு கோப்பைக் கொடு என்று கேட்கக் கட்டளை உண்டு. கோப்புறை முழுவதையும் கொடு என்று கேட்கக் கட்டளை கிடையாது. ஒரு தடவைக்கு ஒரு கோப்புதான்.

அப்படியானால் ஆயிரம் கோப்பு வேண்டியவர் ஆயிரம் தடவை தட்ட வேண்டுமா?

வேண்டியது இல்லை. விதியில் மற்றொரு சிறு கட்டளை இருக்கிறது. என்.எல்.எஸ்.டி. என்ற நாலு எழுத்துக் கட்டளை. கோப்புறையில் இருக்கும் கோப்புகளின் பெயர்களை மட்டும், வேறு எந்த விவரமும் சேர்க்காமல், வரிசையாக அனுப்பச் சொல்லும் கட்டளை அது.

மனிதர் பார்ப்பதற்கு என்று வேறு பட்டியல் கட்டளை தனியாக உண்டு. அதில் அளவு, தேதி எல்லாம் வரலாம். ஆனால் ஒவ்வொரு யந்திரமும் அதை ஒவ்வொரு விதமாக அடுக்கித் தரும். மனிதர் பார்த்தால் புரியும், புரோகிராம் திணறிப்போகும். பெயர் மட்டும் வரும் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை.

எதற்காக இந்தப் பட்டியல் என்பதையும் போஸ்டலும் ரெனால்ட்சும் விதியிலேயே குறித்து வைத்தார்கள். புரோகிராம் ஒன்று இந்தப் பட்டியலை வாங்கி, பல கோப்புகளைத் தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வருவதற்குப் பயன்படும் என்று உதாரணமும் சொன்னார்கள்.

வீட்டில் இருந்து மளிகைச் சாமான் பட்டியல் போகிறது. கடைப் பையன் பட்டியலைப் பார்த்து, பருப்பு, புளி, மிளகாய் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுகிறான். கடைசியில் மூட்டை வீட்டுக்கு வந்து சேருகிறது. வீட்டில் இருப்பவர் பட்டியலை ஒருமுறை கொடுத்ததோடு சரி. இங்கே அந்தப் பட்டியலைக் கடையே எழுதித் தந்துவிடுகிறது!

இப்படி எடுத்து வரும் கட்டளைக்கு எம்கெட் என்று பெயர் வந்தது. ஒரு நட்சத்திரக் குறியோடு அதைத் தட்டினால் போதும். கோப்புறையில் இருக்கும் கோப்புகள் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு கோப்புக்கும், இது வேண்டுமா என்று கேள்வி கேட்கும். கேள்வி வேண்டாம் என்றால் அதை நிறுத்தி வைக்கவும் ஒரு கட்டளை உண்டு.

முன்பின் தெரியாதவரும் வரலாம்

பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றால், முன்பின் தெரியாதவர் என்ன செய்வார்?

அதற்கும் வழக்கம் ஒன்று வந்தது. பெயர் கேட்கும் இடத்தில், பெயர் இல்லாதவர் என்ற பொருள் உள்ள ஆங்கிலச் சொல்லைத் தட்டலாம். கடவுச்சொல்லுக்கு, விருந்தாளி என்ற சொல்லையோ தம்முடைய மின்னஞ்சல் முகவரியையோ தட்டலாம். பொதுக் கோப்புறைகள் மட்டும் திறக்கும்.

பல்கலைக்கழகங்கள் இப்படித் தங்கள் கதவைத் திறந்து வைத்தன. புரோகிராம்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், விண்வெளிப் படங்கள் எல்லாம் காசு இல்லாமல் கிடைத்தன. போஸ்டல் பதிப்பித்த ஆர்.எப்.சி. குறிப்புகளையும் இதே வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்டர்நெட் எப்படி நடக்கிறது என்ற ரகசியத்தை, இன்டர்நெட் வழியாகவே கற்றுக்கொள்ளலாம்!

எந்த ஊரில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. 1990-ல் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் எம்டேஜ் அதற்கு வழி செய்தார். இப்படிப்பட்ட பொதுக் கோப்புறைகளின் பட்டியல்களை ஒரு புரோகிராம் தானாகவே போய் வாங்கி வந்து சேர்த்து வைத்தது. அதன் பெயர் ஆர்ச்சி. இன்டர்நெட்டில் கோப்பு தேடித் தந்த முதல் யந்திரம் என்று அதைச் சொல்கிறார்கள்.

பட்டியல் தந்த தலைவலி

கோப்பு விதியை எல்லாரும் பயன்படுத்தியதால் ஒரு தலைவலியும் வந்தது.

அந்த நாளில் இணைப்பில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அதைப் பராமரித்து வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் கோப்பு விதி மூலம் அதன் படியை எடுத்துக்கொள்வார்கள்.

இருநூறு, முந்நூறு யந்திரங்கள் இருந்தவரை இது போதும். யந்திரங்கள் பெருகப் பெருகக் கோப்பு நீண்டது. எடுக்க வருகிறவர்களும் பெருகினார்கள். ஒருவர் எடுத்த படி பழையதாகிவிடும். மற்றவர் கையில் புதியது இருக்கும். இருவர் கணக்கும் ஒத்துப்போகாது.

போஸ்டல் 1977 முதல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிலையத்தில் வேலை பார்த்து வந்தார். இந்தச் சிக்கலுக்கு வழி காணும்படி, அங்கே இருந்த பால் மொக்காபெட்ரிஸ் என்பவரிடம் அவர் சொன்னார்.

மொக்காபெட்ரிஸ் 1983-ல் புது ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். முழுப் பட்டியலையும் எல்லாரும் வைத்து இருக்க வேண்டாம். அந்தந்தப் பகுதியை அந்தந்த ஊர்க்காரரே வைத்துக்கொள்ளட்டும். கேட்கும்போது வழி காட்டினால் போதும். இன்று இன்டர்நெட் முகவரி ஒன்றைத் தட்டினால் நடப்பது இதுதான்.

இந்த ஏற்பாட்டின் தலைமைப் பட்டியலைக் கவனிக்கும் பொறுப்பும் போஸ்டலிடம் வந்து சேர்ந்தது.

தாடியும் செருப்பும்

போஸ்டலைப் பார்த்தவர்கள், அவர் பெரிய அதிகாரம் உள்ளவர் என்று நம்பமாட்டார்கள்.

நீண்ட தாடி. காலில் சாதாரணச் செருப்பு. சொந்த விஷயங்களை அதிகம் பேசமாட்டார். தொழில் விஷயம் வந்தால் மட்டும் விடாமல் வாதாடுவார்.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. வெளியே அனுப்புவதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்; வருவதை ஏற்பதில் தாராளமாக இருக்க வேண்டும் என்பது அது. புரோகிராம்களுக்கு என்று அவர் எழுதிய அந்த விதியை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நாடுகளுக்கு இரண்டு எழுத்துக் குறி கொடுக்கும் வேலையும் அவரிடம் வந்தது. எது நாடு, எது நாடு இல்லை என்று கேட்டால் சண்டை வராதா? போஸ்டல் அந்தச் சண்டையில் இறங்கவில்லை. உலகத் தர நிர்ணய அமைப்பின் பட்டியலில் எது இருக்கிறதோ, அதையே எடுத்துக்கொண்டார். இந்தியாவுக்கு "இன்" என்ற குறி 1989-ல் கிடைத்தது.

எட்டு இடங்களுக்கு ஒரு கடிதம்

1990-க்குப் பிறகு இன்டர்நெட்டில் வியாபாரம் நுழைந்தது. அதுவரை இலவசமாகக் கிடைத்த பெயர்களுக்கு, 1995 முதல் கட்டணம் வந்தது. அரசாங்க ஒப்பந்தம் பெற்ற நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி, இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் வசூலித்தது.

பெயர்கள் பணம் ஆயின. பணம் வந்ததும் கேள்வியும் வந்தது. தலைமைப் பட்டியல் யாருக்குச் சொந்தம்? அரசாங்கத்துக்கா? கம்பெனிக்கா? அதை வளர்த்த விஞ்ஞானிகளுக்கா?

உலகத்தில் 13 தலைமைப் பெயர் யந்திரங்கள் இருந்தன. மூலப் பட்டியல் அந்தக் கம்பெனியின் யந்திரத்தில் இருந்தது. மற்ற 12 யந்திரங்களும் அதில் இருந்துதான் படி எடுத்தன.

1998-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அந்தப் பன்னிரண்டில் எட்டு யந்திரங்களைப் பராமரித்தவர்களுக்கு அது போயிற்று. இனிமேல் பட்டியலைக் கம்பெனி யந்திரத்தில் இருந்து எடுக்க வேண்டாம், தம் யந்திரத்தில் இருந்து எடுக்க வேண்டும் என்று அதில் கேட்டு இருந்தார்.

எட்டு பேரும் அப்படியே செய்தார்கள்! போஸ்டல் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு.

இன்டர்நெட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏனென்றால் இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் வாஷிங்டனில் பரபரப்பு உண்டாயிற்று. ஒரு தனி மனிதர், ஒரு மின்னஞ்சலால், உலகப் பெயர்ப் பட்டியலின் பெரும்பகுதியைத் தம் பக்கம் திருப்பிவிட்டார்!

ஜனாதிபதி கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மகசினர், இதை உடனே நிறுத்தும்படி போஸ்டலிடம் சொன்னார். போஸ்டல், இது ஒரு சோதனைதான் என்று விளக்கினார். எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டார்.

அவர் செய்தது சரியா, தவறா? இன்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பொதுச் சொத்தைப் பொதுவிலேயே வைக்க அவர் முயன்றார் என்பது ஒரு கட்சி. உலகம் நம்பி இருக்கும் பட்டியலை ஒரு தனி மனிதர் திருப்பிவிடும் நிலை இருந்ததே ஆபத்து என்பது மற்றொரு கட்சி.

இரண்டு கட்சிக்காரரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கணக்கை இனி ஒருவர் கையில் விட்டுவைக்க முடியாது என்பதுதான் அது.

கணக்கை ஒப்படைத்தார்

போஸ்டலும் அதை ஒப்புக்கொண்டு இருந்தார். அவர் வைத்து இருந்த பொறுப்புகளை ஏற்க, லாபம் கருதாத ஓர் அமைப்பை உருவாக்கும் வேலையில் இறங்கினார். 1998-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த அமைப்பு பதிவு ஆயிற்று. அதன் பெயர் ஐகேன்.

அந்த அமைப்பு நடக்கத் தொடங்குவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவருக்கு இதயக் கோளாறு இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இதய வால்வு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு உடல்நிலை மோசமாயிற்று. 1998-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

நண்பர் விண்ட் சர்ப் அவருக்காக ஓர் இரங்கல் எழுதினார். அது எங்கே வெளிவந்தது தெரியுமா? போஸ்டல் வாழ்நாள் முழுவதும் பதிப்பித்த அதே ஆர்.எப்.சி. வரிசையில், 2468-வது குறிப்பாக வெளிவந்தது. மற்றக் குறிப்புகளைப் போல அதையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

1999-ல் இன்டர்நெட் சங்கம் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. முதல் விருது மறைந்த போஸ்டலுக்கே வழங்கப்பட்டது.

பெயர்ப் பட்டியலின்மேல் அமெரிக்க அரசாங்கம் வைத்து இருந்த ஒப்பந்த மேற்பார்வை, 2016-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதியோடு முடிந்தது. போஸ்டல் இறந்து ஏறக்குறைய 18 ஆண்டுக்குப் பிறகு!

புதுக் கட்டளை, பழைய பாடம்

போஸ்டல் உயிரோடு இருந்தபோதே, 1996-ல், குரோஷியா நாட்டைச் சேர்ந்த ஹர்வோயே நிக்ஷிச் என்பவர் புதிய புரோகிராம் ஒன்றை வெளியிட்டார். அதன் பெயர் டபிள்யூகெட். இலவசமாகக் கிடைக்கும் அது, எப்.டி.பி. வழியாகவும் கோப்பு எடுக்கும், வலைப்பக்கங்களில் இருந்தும் எடுக்கும்.

பழைய எம்கெட் கட்டளை சாதாரணமாக ஒரு கோப்புறையோடு நின்றுவிடும். அதற்குள் இருக்கும் கோப்புறைகளுக்குள் இறங்காது. டபிள்யூகெட் இறங்கும். கட்டளையோடு ஒரு சிறு கோடும் "ஆர்" என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் போதும். கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு ஆழம் என்று சொல்லாவிட்டால், ஐந்து அடுக்கோடு நிறுத்திக்கொள்ளும்.

"என்பி" என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால், கேட்ட கோப்புறைக்கு மேலே ஏறிப் போகாது. இதை மறந்தால், வலைத்தளம் முழுவதும் சுற்றித் திரிந்து வேண்டாததை எல்லாம் அள்ளி வந்துவிடும்! "சி" என்ற எழுத்தைச் சேர்த்தால், பாதியில் அறுந்துபோன கோப்பை விட்ட இடத்தில் இருந்து தொடரும். "டபிள்யூ" என்ற எழுத்தோடு ஓர் எண்ணைச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்புக்கும் இடையே அத்தனை விநாடி பொறுத்து இருக்கும்.

இந்தப் பொறுமை முக்கியம். ஒருவர் மட்டும் ஆயிரம் கோப்பை மூச்சு விடாமல் இழுத்தால், அதே யந்திரத்தில் காத்து நிற்கும் மற்றவருக்குக் கஷ்டம். கிணற்றடியில் பத்துக் குடம் வைத்து இருப்பவர், ஒரு குடத்தோடு நிற்பவருக்கு வழி விடுவது இல்லையா?

காலம் மாறியது. எப்.டி.பி. விதியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும். நடுவில் ஒட்டுக் கேட்பவர் அதைப் படித்துவிடலாம். எல்லாரும் எல்லாரையும் அறிந்து இருந்த காலத்தில் எழுதிய விதி அல்லவா? அதனால் மறைத்து அனுப்பும் புது முறைகள் வந்தன. டெபியன் என்ற இலவச மென்பொருள் குழு, 2017-ம் ஆண்டு நவம்பர் மாதம் தன் பொது எப்.டி.பி. வாசலை மூடியது. பயர்பாக்ஸ், குரோம் என்ற இரண்டு வலை உலாவிகளும் 2021-ல் அந்த விதியை விட்டுவிட்டன.

ஆனாலும் புது முறைகள் பலவற்றிலும் பழைய அமைப்பின் சாயல் இருக்கிறது. முதலில் பட்டியலை வாங்கு. பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கேள். பதில் எண்ணைப் பார்த்து மேலே செல். வலைப்பக்கம் திறக்காதபோது 404 என்று ஓர் எண் வருகிறதே, அதுவும் இப்படிப்பட்ட மூன்று இலக்கப் பதில்தான்.

959-வது குறிப்பு இன்றும் பொதுவில் இருக்கிறது. அதைப் படிக்கக் கட்டணம் இல்லை. அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. முதல் பக்கத்தில் ஜே. போஸ்டல், ஜே. ரெனால்ட்ஸ் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கட்டளை வரியில் முகவரியைத் தட்டினால், சில விநாடியில் அது உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்.